வீட்டுத் தொலைபேசியும் மின்சாரமும்

எம் கல்லூரி ஆசிரியர் அறையில் இந்நாளில் இலக்கணத்தினும் மிகுதியாகப் பேசப்படும் பொருள் ஒன்றுண்டு. வீட்டுக்கு எந்த இணையத் தொலைபேசியை எடுப்பது என்பதே அது. கணிதம் படிப்பிக்கும் இளைய ஆசிரியர் ஒருவர் கட்டண விபரங்களைத் தாளிற் கட்டமிட்டு எழுதிவந்து, எது மலிவு என நிறுவுவார். மாதம் எவ்வளவு, கனடாவுக்கு நிமிடம் எவ்வளவு என்பதோடு அவர் ஆராய்ச்சி முடிந்துவிடும். அவர் கணக்கிற் பிழையில்லை. முதலிற் கேட்க வேண்டிய வினா அதுவன்று என்பதே என் கருத்து.

யானும் அவ்வாறே எடுத்தவன். வீட்டுக்கு வந்த செப்புக் கம்பியை நீக்கி ஒளியிழை பூட்டினார்கள். பழைய தொலைபேசியின் வயரை ரவுட்டர் என்னும் பெட்டியின் பின்புறத்தே செருகியதும் மணி அடித்தது. எண்பது கடந்த என் தாயார் அழுத்திப் பழகிய பொத்தான்கள் மாறவில்லை, எண்ணும் மாறவில்லை. விற்பனைக்கு வந்த இளைஞர் வேகத்தைப் பற்றியே பேசினார். ஒரு குரல் போய்வருவதற்குத் திசைக்கு 100 கிலோபிற்று அளவே போதும் என்பதையும், பேச்சுக்கு வேண்டுவது பெருவேகமன்று, தாமதமின்மையே என்பதையும் பின்னரே அறிந்தேன். மின்சாரத்தைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை; யானும் கேட்கவில்லை.

2025 பெப்ரவரி 9ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை முற்பகல், நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. பாணந்துறை உபமின்நிலையத்திற் குரங்கொன்று பட்டதே காரணம் என்று அமைச்சர் கூறினார். குரங்கினால் இலங்கை அல்லற்பட்ட கதை நமக்குப் புதிதன்று. ஆயின் இம்முறை என் வீடும் அதில் அகப்பட்டது. யான் நெல்லியடியில் ஒரு நூல் வெளியீட்டுக்குச் சென்றிருந்தேன். கிணற்றடியிலிருந்து திரும்பிய தாயாருக்குத் தலைசுற்றியது. சுவரைப் பிடித்து நடந்து வந்து தொலைபேசியை எடுத்தார், ஓசையில்லை. கைத்தொலைபேசியோ மின்னேற்றாமற் கிடந்தது. அயல்வீட்டுப் பிள்ளை தற்செயலாக எட்டிப் பார்க்கும்வரை அவர் கதிரையிலேயே சாய்ந்திருந்தார். "போன் செத்துப்போச்சுது தம்பி, நான் ஆரைக் கூப்பிட?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் விடையில்லை.

காரணம் எளியது. செப்புக் கம்பி குரலை மட்டுமன்றி, தொலைபேசி நிலையத்து மின்கலங்களிலிருந்து 48 வோற்று மின்னையும் கொண்டுவந்தது. ஒளியிழை கொண்டுவருவது ஒளியை மட்டுமே. பெட்டிக்கு வேண்டிய மின்சாரத்தை நம் வீடுதான் கொடுத்தல் வேண்டும். 'தொலைபேசி' என்பதன் ஈற்று இகரம், 'மண்வெட்டி' என்பதிற் போலக் கருவிப்பொருள் தருவது என்று மாணவருக்குச் சொல்லி வந்தவன் யான். அக்கருவி இயங்க இன்று வேறு கருவிகள் வேண்டும் என்பதை மறந்தேன். 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டைக் கண்ட நாட்டவனுக்கு இம்மறதி அழகன்று.

பிரித்தானியாவிலும் செப்புக் கம்பியைக் கைவிட்டு வருகின்றனர். ஆயின் அங்கே, வீட்டுத் தொலைபேசியையே நம்பியிருக்கும் நலிந்தோர்க்கு, மின்சாரம் போனபின்னும் ஒரு மணிநேரமேனும் அவசர அழைப்பு எடுப்பதற்கு இலவசமாக வழிசெய்து கொடுத்தல் நிறுவனங்களின் கடன் என்று ஒழுங்குபடுத்தும் சபை வகுத்திருக்கின்றது. ஒரு மணிநேரம் நம் நாட்டுக்குப் போதாது என்பேன். எனினும் கடன் இன்னாரது என்பதாவது அங்கே தெளிவாக உள்ளது. இங்கே அதனை வாங்குவோர்தாம் வினவிப் பெறவேண்டியிருக்கிறது.

கைத்தொலைபேசிச் செயலிகளே போதும் என்பாரும் உளர். பிள்ளைகளின் முகத்தைக் கண்டு பேச அவை நல்லனவே. என் தாயாரும் ரொறொன்ரோவில் உள்ள பேத்தியை வட்சப்பில்தான் பார்க்கிறார். ஆனால் 119, 1990 ஆகிய அவசர எண்களை வட்சப் மூலம் அழைக்க இயலாது. நிலைபேறும் ஐயத்துக்குரியது. 2003இல் தோன்றி உலகெங்கும் பரந்த ஸ்கைப் 2025 மே 5ஆம் நாளுடன் மூடப்பட்டது. அதையே வீட்டுத் தொலைபேசியாகக் கொண்டிருந்தவர்கள் வேறிடம் தேட நேர்ந்தது.

இப்பொழுது எங்கள் ரவுட்டருக்கென ஒரு சிறு மின்கலப் பெட்டி வாங்கி வைத்திருக்கிறேன். கம்பியில்லாக் கைபிடித் தொலைபேசி வேண்டாம் என்றும் விட்டேன். அதன் அடிப்பீடத்துக்கும் மின்சாரம் வேண்டும். வாங்கிய அன்று மாலை பிரதான ஆளியை அணைத்துவிட்டு, இருட்டில் தாயாரை அழைத்து என் எண்ணை அழுத்தச் சொன்னேன். முற்றத்தில் நின்ற என் சட்டைப் பையில் மணி அடித்தது. "இப்ப கேக்குது" என்றார்.

சென்ற கிழமை வேறொரு நிறுவனத்து இளைஞர் புதிய கட்டணத் தாளோடு படலையடிக்கு வந்தார். மின்சாரம் போனால் உங்கள் தொலைபேசி எத்தனை மணிநேரம் பேசும் என்று வினவினேன். கேட்டுச் சொல்வதாகக் கூறிச் சென்றார், இன்னும் வரவில்லை.