பயிற்சி உண்டு, சான்றிதழ் உண்டு; வேலை எங்கே?

புதுதில்லி: ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கும் அரசுப் பணியில் இடஒதுக்கீடு வழங்கிய மாற்றுத் திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2017 ஏப்ரல் 19-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. ஆனால், பள்ளியிலிருந்து பணியிடம் வரை இம்மாணவர்களை அழைத்துச் செல்வதற்கான ஏற்பாடு இன்றளவும் முழுமை பெறவில்லை.

இச்சட்டம் உறுதி செய்யும் இலவசக் கல்வி உரிமை 18 வயதுடன் முடிவடைகிறது. பள்ளியும் இல்லை, வேலையும் இல்லை என்ற நிலையில் இவர்களில் பலர் வீட்டிலேயே முடங்குகின்றனர். தங்கள் காலத்துக்குப் பிறகு பிள்ளையின் கதி என்ன என்பதே பெற்றோரின் தீராக் கவலை. வறுமைக் கோட்டுக்குக் கீழ் வாழும் கடும் குறைபாடு உடையோருக்கு மத்திய அரசு தன் பங்காகத் தரும் ஓய்வூதியம் மாதம் ரூ.300 மட்டுமே.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் மாற்றுத் திறனாளிகள் 2.68 கோடி பேர். அவர்களில் சுமார் 15 லட்சம் பேர் அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் அக்கணக்கெடுப்பில் தனிப்பிரிவாக எண்ணப்படவே இல்லை.

ஒரு சதவீதத்தில் போட்டி: 1995-ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கிய 3 சதவீத ஒதுக்கீடு பார்வை, செவித்திறன், உடல் இயக்கக் குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. புதிய சட்டம் இதை 4 சதவீதமாக உயர்த்தியது. முன்னர் இருந்த மூன்று பிரிவுகளுக்கும் தலா ஒரு சதவீதம் போக, எஞ்சிய ஒரு சதவீதத்தை ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகிய அனைத்துப் பிரிவினரும் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

தகுதியானவர் கிடைக்காத பணியிடம் அடுத்த ஆண்டுக்குக் கொண்டு செல்லப்படும். அப்போதும் நிரம்பாவிட்டால் வேறு பிரிவு மாற்றுத் திறனாளிக்கும், அவரும் இல்லையெனில் பொதுப் பிரிவினருக்கும் அளிக்கச் சட்டத்தின் 34-ஆவது பிரிவே இடமளிக்கிறது. தகுதி பெறச் செய்யும் பயிற்சி இல்லாதவரை, ஒதுக்கப்பட்ட இடம் கைநழுவிப் போவதைத் தடுக்க வழியில்லை.

தேர்வே தடை: ஆறாவது ஊதியக் குழுவின் பரிந்துரையை ஏற்று மத்திய அரசின் "டி" பிரிவுப் பணிகள் "சி" பிரிவுடன் இணைக்கப்பட்டன. அதன் பின்னர் கடைநிலைப் பணிக்கும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி தேவையாயிற்று. கோப்புகளை எடுத்துச் செல்லும் பல்நோக்குப் பணியாளரும் கணிதம், பொது அறிவு, ஆங்கிலம் அடங்கிய கணினிவழித் தேர்வை எழுதியாக வேண்டும். கூடுதல் நேரம், மதிப்பெண் தளர்வு போன்ற சலுகைகள் உண்டு. ஆயினும், கோப்புகளை வரிசைப்படி அடுக்குவதில் பிறரைவிடத் துல்லியமாகச் செயல்படக்கூடிய ஆட்டிசம் உள்ள இளைஞரின் திறனை இத்தேர்வால் அளவிட முடிவதில்லை.

முதலில் பணி, பிறகு பயிற்சி: மாற்றுத் திறனாளிகளுக்கான தேசியத் திறன் மேம்பாட்டுச் செயல்திட்டம் 2015-இல் தொடங்கப்பட்டது. அவர்களுக்கெனத் தனித் திறன் மன்றமும் அதே ஆண்டில் உருவானது. எனினும், சில வாரங்கள் வகுப்பறையில் பயிற்றுவித்து, சான்றிதழ் வழங்கி அனுப்பும் முறை இம்மாணவர்களுக்குப் பொருந்துவதில்லை. ஓரிடத்தில் கற்றதை வேறோர் இடத்தில் செயல்படுத்துவது அவர்களில் பலருக்குக் கடினம். பயிற்சி மையத்துச் சமையலறையில் தேர்ந்தவர் புதிய உணவகத்தில் திகைத்து நிற்கக்கூடும்.

இதனால்தான் பல நாடுகளில் முதலில் பணியில் அமர்த்தி, பின்னர் அங்கேயே பயிற்றுவிக்கும் முறை பின்பற்றப்படுகிறது. பணித் துணைவர் ஒருவர் உடனிருந்து கற்றுக்கொடுத்து, படிப்படியாக விலகிக்கொள்வார். பேருந்தில் தனியே வருவது, நேரம் காப்பது, ஐயம் எழுந்தால் யாரிடம் கேட்பது என அறிவது ஆகியவையும் இப்பயிற்சியில் அடங்கும்.

இது இந்தியாவில் இயலாததல்ல. தலைநகர் தில்லியில் உச்ச நீதிமன்ற வளாகத்திலேயே மாற்றுத் திறனாளிகள் நடத்தும் "மிட்டி கஃபே" 2023 நவம்பரில் திறக்கப்பட்டது. லெமன் ட்ரீ ஹோட்டல் நிறுவனம் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களைப் பணியில் அமர்த்தியுள்ளது. ஆனால், இவை தனியார் மற்றும் தொண்டு நிறுவனங்களின் முயற்சிகள், எண்ணிக்கையிலும் சொற்பம்.

சட்டம் சொல்வது: வளர்ச்சிசார் குறைபாடு உள்ளவர்களுக்குச் சந்தையுடன் நேரடித் தொடர்புள்ள தனிப் பயிற்சித் திட்டங்கள் தேவை எனச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு வலியுறுத்துகிறது. தனியார் நிறுவனங்களில் 5 சதவீதம் பேரேனும் மாற்றுத் திறனாளிகளாக இருக்க ஊக்கத்தொகை அளிக்க வேண்டும் என்கிறது 35-ஆவது பிரிவு. இதற்கு முன்னரே, 2008-இல், மாற்றுத் திறனாளிப் பணியாளருக்கான முதலாளியின் வருங்கால வைப்பு நிதிப் பங்கை மூன்று ஆண்டுகளுக்கு ஏற்கும் திட்டத்தை மத்திய அரசு கொண்டுவந்தது. அதில் பணித் துணைவரின் ஊதியத்துக்கு இடமில்லை. சிறு நிறுவனங்கள் தயங்குவது அந்தச் செலவுக்காகத்தான்.

ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்புக்குள் மாணவர்கள் பத்து நாள்கள் புத்தகப் பையின்றித் தொழில் பழக வேண்டும் என்கிறது 2020 தேசியக் கல்விக் கொள்கை. அந்தப் பத்து நாள்களில் சிறப்புத் தேவை உள்ள மாணவரும் பட்டறைக்கோ கடைக்கோ அழைத்துச் செல்லப்படுகிறாரா என்பதிலிருந்தே அவரது வேலைவாய்ப்பு முடிவாகத் தொடங்குகிறது. எத்தனை பேருக்குச் சான்றிதழ் வழங்கப்பட்டது என்பதை விடுத்து, எத்தனை பேர் ஓராண்டுக்குப் பிறகும் பணியில் நீடிக்கின்றனர் என்பதை அரசு கணக்கிட முன்வந்தால், இத்திட்டங்களின் உண்மை நிலை நாடாளுமன்றத்துக்கும் பெற்றோருக்கும் தெரியவரும்.