முதலாளி இறந்த வாரம் சம்பளம் யார் போடுவது?

திருப்பூர் மண்ணரையில் பவர் டேபிள் போட்டு ஜாப் ஒர்க் எடுக்கும் சிறு பனியன் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். ஜிஎஸ்டி, வாரச் சம்பளப் பட்டியல், பார்ட்டி பாக்கி எல்லாம் என் கைவழியாகத்தான் போகும். அந்த உரிமையில், வயது ஐம்பதைத் தாண்டிய முதலாளிகளிடம் உயில் எழுதிவிடுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். "நான் கல்லாட்டம் இருக்கறேன், இப்பவே எதுக்குங் அம்மிணி அதெல்லாம்?" என்று பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.

எங்கள் ஊரில் இந்தப் பேச்சைத் தள்ளிப்போடவே கூடாது. இங்கே சிறு கம்பெனிகள் பலவும் ஒரே ஆள் பெயரில் ஓடும் ப்ரொப்ரைட்டர் கம்பெனிகள். போர்டில் முருகன் பெயரோ மகள் பெயரோ இருக்கலாம். சட்டத்துக்கு அந்த ஆளும் கம்பெனியும் ஒன்றுதான். அவர் மூச்சு நின்றதும் கரண்ட் அக்கவுண்டும் நின்றுவிடும். பார்ட்டி அனுப்பிய பணம் கணக்கில் ஏறினாலும் எடுக்க ஆளில்லை. ஜிஎஸ்டி எண்ணையும் மகன் அப்படியே ஓட்ட முடியாது. புதிதாகப் பதிவெடுத்து, ஐடிசி-02 படிவம் போட்டு, வரவிலிருக்கும் வரியை மாற்றிக்கொள்ள வேண்டும். பார்ட்னர்ஷிப் என்றாலும் நிம்மதியில்லை. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, பங்குதாரர் ஒருவர் இறந்ததும் கம்பெனி கலையும் என்பது 1932-ம் ஆண்டுச் சட்டம்.

இதற்கு நடுவே சனிக்கிழமை வந்துவிடும். ஓவர்லாக் அடிப்பவர், செக்கிங் பார்க்கும் அக்கா, அயர்ன்காரர் எல்லாரும் அந்த வாரப் பணத்தை நம்பித்தான் மளிகைக் கடையில் கடன் சொல்லியிருப்பார்கள். துக்க வீட்டில் போய்ச் சம்பளம் கேட்க எவருக்கும் வாய் வராது. ஆனால் அவர்களை நம் சட்டம் மறக்கவில்லை. 1925-ம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 322-வது பிரிவு, இறந்தவருக்காக உழைத்தவர்களின் கடைசி மூன்று மாதக் கூலியை மற்ற கடன்களுக்கு முன்னால் தீர்க்கச் சொல்கிறது. ஈமச்செலவும் மரணப்படுக்கைச் செலவும் சொத்தை நிர்வகிக்கும் கோர்ட் செலவும் மட்டுமே அதற்கு முந்தியவை. உயிலை நிறைவேற்ற எக்ஸிகியூட்டர் என்று ஒருவரை அதில் குறித்திருந்தால் முதல் வேலையாக அவர் இதைப் பார்ப்பார். உயிலே இல்லாத வீட்டில் இதை யார் பார்ப்பது?

நான் கணக்கு பார்த்த ஒரு கம்பெனியில் முதலாளி திடீரென்று நெஞ்சுவலியில் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவர் மனைவி மேசை டிராயரைத் திறந்து என்னிடம் ஒரு டைரியைக் கொடுத்தார். 'மாமா 3', 'காங்கேயம் ரோடு 1½', 'செல்வி சீட்டு பாக்கி' என்று பக்கம் பக்கமாக அவர் கையெழுத்து. மூன்று என்றால் மூன்றாயிரமா, மூன்று லட்சமா? கொடுத்ததா, வாங்கியதா? எந்த மாமா? வாங்கியவர்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கொடுத்தவர்கள் மட்டும் புரோநோட்டோடு வாசலில் நின்றார்கள். தகப்பன் கடனுக்கு வாரிசுகள் கையில் வந்த சொத்தின் அளவுக்குத்தான் பொறுப்பு என்பதுகூடத் தெரியாமல் அந்த அம்மா தன் சொந்த நகையை விற்று ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். வரவேண்டிய பாக்கிக்குக் கேஸ் போட்டாலும், வாரிசுரிமைச் சான்றிதழைக் கோர்ட்டில் வாங்கி வைக்காமல் கடன்காரர் மேல் டிகிரி கிடைக்காது. தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் வேறு. அது அதற்குப் போதாது.

நாமினி போட்டிருக்கிறேன், அது போதும் என்பவர்களும் உண்டு. பொதுவாக நாமினி பணத்தை வாங்கிக் கொடுப்பவர்தான், சொந்தக்காரர் அல்ல. ஷேர், மியூச்சுவல் ஃபண்டுக்கு 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. இருந்தாலும் நாமினி போடுங்கள், கரண்ட் அக்கவுண்டுக்கும் சேர்த்து. முதல் வாரத்தை ஓட்ட அந்தப் பணம்தான் கைகொடுக்கும்.

உயில் இல்லாமல் ஒரு இந்து ஆண் இறந்தால் அவர் சொத்து தாய், மனைவி, மகன், மகள் எல்லாருக்கும் சம பங்கு. "புள்ளைக்குச் சீர் செஞ்சு அனுப்பியாச்சு, இனியென்ன பங்கு?" என்று கேட்பது எங்கள் பக்கம் வழக்கம். பிறந்த வீட்டு உறவு அறுந்துவிடும் என்ற பயத்திலேயே பெண்கள் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை தந்து 1989-லேயே தமிழ்நாடு சட்டத்தைத் திருத்திவிட்டது. அப்போது மணமாகாதிருந்த பெண்களுக்கு மட்டும்தான் அது. 2005-ல் மத்திய சட்டம் அந்த வேலியையும் எடுத்தது. அந்த உரிமை பிறப்பால் வருவது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அண்ணன்மார் காதில் இன்னும் ஏறவில்லை.

மாரப்பக் கவுண்டர் சொத்து வழக்கை இவர்கள் படிக்க வேண்டும். 1938-ல் கோர்ட் ஏலத்தில் அவர் வாங்கிய நிலம். 1949-ல் உயில் எழுதாமல் இறந்தார். ஒரே மகள் குப்பாயி அம்மாளும் 1967-ல் பிள்ளையில்லாமல் காலமானார். மாரப்பரின் உடன்பிறந்தவர் பிள்ளைகளுக்குள் பங்குச் சண்டைதான் மிச்சம். ஐந்தில் ஒரு பங்கு கேட்டு அவர்களில் ஒருவரான தங்கம்மாள் வழக்குப் போட்டார். 1994-ல் கீழ்க்கோர்ட் தள்ளியது, 2009-ல் உயர் நீதிமன்றமும் தள்ளியது. தகப்பன் தானாகச் சம்பாதித்த சொத்து 1956-க்கு முந்தைய இந்துச் சட்டப்படியும் ஒரே வாரிசான மகளுக்கே சேரும் என்று 2022 ஜனவரி 20 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, மேல்முறையீட்டில் முதல் பெயராக இருந்த அருணாசலக் கவுண்டரும் உயிரோடு இல்லை. ஒரு தாளில் நாலு வரி எழுதியிருந்தால் மூன்று தலைமுறை கோர்ட் வாசலில் நின்றிருக்காது.

தான் சம்பாதித்ததை யாருக்கும் எழுதலாம் என்பதால், மகளை ஒதுக்கவே உயில் எழுதுபவர்களும் இருக்கிறார்கள். சட்டப்படி செல்லும். ஆனால் நான் அதை ஒப்பமாட்டேன். எத்தனையோ கம்பெனிகளில் டெலிவரி சலான் போட்டு, பீஸ் எண்ணி, பில் புக்கைப் பார்த்து வளர்ந்தவள் மகள்தான்.

செட்டில்மென்ட் எழுதிக் கொடுப்பதும் உயிலும் ஒன்றல்ல. செட்டில்மென்டில் சொத்து உடனே கைமாறும், நினைத்தபடி ரத்து செய்ய முடியாது. உயிலை உயிருள்ளவரை எத்தனை முறையும் மாற்றலாம். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும்; நாளைக்குக் கோர்ட்டில் வந்து சொல்லக்கூடிய, உங்களைவிட இளையவர்களாகப் பாருங்கள். பதிவு கட்டாயமில்லை என்றாலும் பதிந்துவிடுங்கள். மெஷின்கள் யார் பெயரில் பில், எந்தப் பார்ட்டியிடம் எவ்வளவு பாக்கி, யாருக்குக் கைமாத்து என்று ஒரு பட்டியலும் எழுதி, வருடம் ஒருமுறை மாற்றி, மனைவிக்கும் மகளுக்கும் படித்துக் காட்டுங்கள்.

பனியன் தொழிலுக்கு இந்த ஊரில் சங்கங்கள் இருக்கின்றன. வருடக் கணக்கு முடிக்கும் மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு வக்கீலையும் ஒரு ஆடிட்டரையும் மண்டபத்தில் உட்காரவைத்து, ஜாப் ஒர்க் முதலாளிகளைக் குடும்பத்தோடு அந்தச் சங்கங்கள் உயில் எழுதக் கூப்பிட வேண்டும். மண்ணரையில் நடத்துவதாக இருந்தால் வீடு வீடாகச் சொல்லி ஆள் கூட்டும் வேலையை நான் செய்கிறேன்.