கூடிக் கட்டும் தோரணம்



ஆடியில் முகூர்த்தம் இல்லை. மண்டபங்கள் ஓய்ந்து கிடக்கும் இந்த மாதத்தில்தான், ஆவணியில் கல்யாணம் வைத்திருக்கும் வீடுகளில் இரவு நெடுநேரம் விளக்கு எரிகிறது. இம்முறை வந்த கடிதங்களில் சில, மணமக்களே எழுதியவை. கேள்வியும் ஏறக்குறைய ஒன்றுதான்: "அலங்காரத்தை வெளியாளிடம் விடாமல், நாங்களும் நண்பர்களுமாகச் செய்துவிட முடியுமா?"

தாராளமாக முடியும். செலவு குறையும் என்பதற்காக மட்டும் இதில் இறங்க வேண்டாம் என்பதே என் ஒரே வேண்டுகோள். ஒரு காலத்தில் கல்யாணப் பந்தலுக்குக் கீற்று வேய்வது, வாழைமரம் கட்டுவது, பூத்தொடுப்பது, பந்தி பரிமாறுவது என்று ஆளுக்கொரு வேலை இருந்தது. இன்று எல்லாம் ஒப்பந்தம். அதில் தவறில்லை, எத்தனையோ அத்தைகளின், பெரியம்மாக்களின் இடுப்பு தப்பித்தது. ஆனால் வேலையோடு சேர்ந்து, வேலை செய்தபடியே பேசிச் சிரித்த அந்த இரவுகளும் போய்விட்டன. வருகிறோம், மொய் எழுதுகிறோம், சாப்பிடுகிறோம், மேடையேறிப் படம் எடுத்துக்கொண்டு கிளம்புகிறோம். நீங்கள் திரும்பக் கேட்பது அந்த இரவுகளை என்றே எனக்குத் தோன்றுகிறது. அதனால்தான் இந்தக் கடிதங்கள் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தன.

முதலில் நேரத்தைப் பாருங்கள். மண்டபம் பெரும்பாலும் முதல்நாள் மதியத்துக்கு மேல்தான் கைக்கு வரும். அன்று மாலையே வரவேற்பு என்றால், இடையில் கிடைப்பது மூன்று, நான்கு மணி நேரம். வீட்டில் முடிக்கக்கூடியதை எல்லாம் வீட்டிலேயே முடித்து, அங்கே கட்டவும் மாட்டவும் மட்டும் மிச்சம் வையுங்கள். முன்பணம் கொடுக்கும் அன்றே மண்டப மேலாளரிடம் கேட்டுவிடுங்கள்: ஆணி அடிக்கலாமா, கயிறு கட்டக் கொக்கி உண்டா, ஏணி தருவார்களா, தரையில் மாக்கோலம் போட விடுவார்களா? கோலம் போட விட்டால், உள்ளே நுழைந்ததும் அதுதான் முதல் வேலை. பச்சரிசியை ஊறவைத்து அரைத்த மாவு காய நேரம் வேண்டும். அது காய்ந்து வெண்மை ஏறிய பிறகு காவிக் கரை தீட்டினால், எந்த விலையுயர்ந்த விரிப்பும் அதற்கு ஈடாகாது.

பூ விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கணக்காக இருங்கள். முகூர்த்த நாளில் மல்லிகை விலை எகிறும். தையில் கல்யாணம் என்றால் பனியால் வரத்தும் குறையும். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி, மணப்பெண்ணின் தலையிலும் மாலையிலும் இருக்கட்டும். தூண்களுக்கும் மேடைக்கும் செண்டுமல்லி போதும். மல்லிகையை வாழைநாரில் நெருக்கித் தொடுக்கக் கைப்பழக்கம் வேண்டும். செண்டுமல்லியை ஊசி நூலில் கோக்கப் பத்து வயதுப் பிள்ளைக்கும் வரும். மாவிலையை மடித்து ஈர்க்கு குத்திச் சரம் சேர்ப்பதும் அப்படித்தான். தென்னங்குருத்தில் கிளி, குருவி முடையத் தெரிந்த பெரியவர் உங்கள் தெருவில் எங்காவது இருப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை நடுவில் உட்காரவைத்து எல்லோரும் கற்றுக்கொள்ளுங்கள். குருத்து சீக்கிரம் வாடும். முதல்நாள் வெட்டி, ஈரத்துணியில் சுற்றி வைக்க வேண்டும்.

மேடையின் பின்புறத்துக்கு தெர்மாகோல் வேண்டாமே! ஒரே இரவில் உடைந்து குப்பைக்குப் போகும் பொருள் அது. வீட்டுப் பீரோவில் அம்மாவின், பாட்டியின் சுங்குடிச் சேலைகள் இருக்கும். கயிறு கட்டி வரிசையாகத் தொங்கவிட்டுப் பாருங்கள். பத்தமடைக் கோரைப்பாயில் மணமக்கள் பெயரை நெய்து கொடுப்பது நெல்லைச் சீமையின் பழைய வழக்கம். முன்கூட்டியே சொல்லி வைத்து அப்படி ஒன்றை வாங்கி நடுவில் மாட்டினால், பெயர்ப் பலகையே தேவையில்லை. கல்யாணம் முடிந்ததும் அது உங்கள் வீட்டுக்கு வரும்.

நண்பர்களிடம் வேலை கேட்கும்போது "எல்லாரும் வந்து ஏதாவது உதவுங்க" என்று சொல்லாதீர்கள். ஆரத்தித் தட்டு ஒருத்திக்கு, வாசல் தோரணம் இருவருக்கு, தாம்பூலப் பை இன்னொருவருக்கு என்று பெயர் சொல்லிக் கொடுங்கள். வரைய வருபவரைச் சமையலுக்குக் காய் வாங்க அனுப்பாதீர்கள். அடுப்பும் மின்சாரமும் தொழில் தெரிந்தவர்களிடமே இருக்கட்டும். விளையாட்டாகத் தொடக்கூடிய வேலைகள் அல்ல அவை.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்: வரவேற்பு தொடங்கும் நேரத்தோடு நண்பர்களின் வேலை முடிந்துவிட வேண்டும். அதன்பின் அவர்கள் உங்கள் திருமணத்தின் சாட்சிகள். அண்ணா முதல்வராக இருந்தபோது வந்த 1967ஆம் ஆண்டு இந்துத் திருமணத் திருத்தச் சட்டம், சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு தந்தது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் இருவரும் ஒருவரை ஒருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னாலோ, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலோ, தாலி கட்டினாலோ அது செல்லும். உறவினருக்கு அடுத்த சொல்லாக நண்பரையும் சேர்த்து எழுதியிருக்கிறார்களே, அதைப் படிக்கும்போதெல்லாம் மனம் நெகிழ்கிறது. எந்த முறைத் திருமணமானாலும் நண்பர் வந்து நிற்பது அந்தச் சாட்சிக்காகத்தான். தாலி ஏறும் நேரத்தில் உங்கள் தோழி பட்டுடுத்தி, கையில் அட்சதையோடு முன்வரிசையில் இருக்க வேண்டும். பின்கட்டில் கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

அவிழ்க்கும் வேலைக்கும் இப்போதே ஆள் சொல்லி வையுங்கள். அதைச் செய்ய வேண்டியவர்கள் உறவில் உள்ள இளவட்டங்கள். முந்தைய இரவுகளில் கண்விழித்த நண்பர்கள் அல்ல. வாழைமரம் மாட்டுக்கு, பூ உரக்குழிக்கு, சேலைகள் துவைத்து உரியவர் வீட்டுக்கு. இப்படிக் கூடிச் செய்பவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள்: தாம்பூலத்துக்கு மஞ்சப்பை தைத்து, அதில் தாங்களே அச்சுக்கட்டையால் பெயர் பதித்திருப்பதாகக் கோவையிலிருந்து ஒரு மணப்பெண் எழுதியிருக்கிறார். அவர் அனுப்பிய படத்தை அடுத்த இதழில் வெளியிடுகிறோம். உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் யார் என்ன செய்தார்கள் என்று நீங்களும் எழுதுங்கள், அவர்கள் பெயரோடு.

அன்புடன்,
ஆசிரியர்