எத்தனை பேரில் ஒருவருக்கு?

மருந்து நிறுவனத்தின் ரெப் நீட்டும் வழவழப்பான தாளில் ‘31 சதவீதம் குறைகிறது’ என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். எவ்வளவிலிருந்து எவ்வளவாகக் குறைந்தது என்பதைப் பொடி எழுத்தில் தேட வேண்டும். ஓபியில் கூட்டம் நெரிக்கும்போது யார் தேடுவது? அந்த 31 அப்படியே நம் வாய்வழியாக நோயாளியிடம் போய்ச் சேர்கிறது. நூறில் 31 பேர் தப்பிக்கிறார்கள் என்று அவர் எடுத்துக்கொள்கிறார்.

அந்த எண் 1995இல் வெளியான மேற்கு ஸ்காட்லாந்து ஆய்வினுடையது. கொலஸ்ட்ரால் மிகுந்த, அதுவரை மாரடைப்பு வந்திராத 6,595 ஆண்களில் ஒரு பாதிக்கு ப்ராவாஸ்டாட்டின், மறு பாதிக்குப் போலி மாத்திரை. சுமார் 5 ஆண்டுகளில் மாரடைப்போ இதயநோய் மரணமோ நேர்ந்தவர்கள் போலி மாத்திரைக் குழுவில் 7.9 சதவீதம், மருந்துக் குழுவில் 5.5 சதவீதம். வித்தியாசம் 2.4. அதாவது, 42 பேர் 5 ஆண்டுகள் தினமும் விழுங்கினால் ஒருவர் தப்புகிறார். இது சிறிய பலன் அல்ல. ஆனால் தாளைப் பார்த்து நாம் நினைத்த பலனும் அல்ல. ஏற்கெனவே மாரடைப்பு கண்டவருக்கு அடிப்படை அபாயமே அதிகம் என்பதால், அவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லி மருந்தை நிறுத்திவிடக் கூடாது.

சதவீதம் எதிர்த்திசையிலும் ஏமாற்றும். நீரிழிவுத் தடுப்பு பற்றி மேடையேறும் எவரும் 2002இன் அமெரிக்க ஆய்வைத்தான் எடுப்பார்கள்: உணவும் உடற்பயிற்சியும் 58 சதவீதம் குறைத்தன. 2006இல் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் சென்னையிலிருந்து வெளியிட்ட இந்திய ஆய்வில் கிடைத்தது 28.5 சதவீதம்தான். அதனாலோ என்னவோ, நம் ஊர் எண்ணைச் சொல்ல நமக்கே கொஞ்சம் கூச்சம். உள்ளே போய்ப் பாருங்கள். அமெரிக்காவில் ஒப்பீட்டுக் குழுவில் 3 ஆண்டுகளில் சுமார் 29 சதவீதத்தினர் நீரிழிவுக்கு ஆளானார்கள். இங்கே 55 சதவீதத்தினர். வாழ்க்கைமுறையை மாற்றியவர்களில் அது 39.3 ஆகக் குறைந்தது. ஒருவரைக் காக்க அங்கே 6.9 பேர் மாற வேண்டியிருந்தது, இங்கே 6.4 பேர் போதும். பாதியாகத் தெரிந்த பலன் சற்றே கூடுதலாக நிற்கிறது! நம் மக்களின் அடிப்படை அபாயம் அவ்வளவு உயரத்தில் இருக்கிறது. நடைப்பயிற்சியைச் சீட்டின் கடைசி வரியில் கிறுக்கும் நம் வழக்கத்துக்கு இந்த எண்ணுக்குப் பிறகு நியாயமில்லை.

புகைக்கு இந்தக் கணக்குகூட வேண்டாம். பிரிட்டிஷ் மருத்துவர்களை 50 ஆண்டுகள் பின்தொடர்ந்த டால், பீட்டோ குழுவின் 2004 அறிக்கை பலனை ஆயுளாகவே தருகிறது: 30 வயதில் விட்டவருக்குச் சுமார் 10 ஆண்டுகள், 60இல் விட்டவருக்கும் 3 ஆண்டுகள். மேலே கண்ட மாத்திரை இதன் அருகில் வராது.

6 பேரில் தப்பப்போகும் அந்த ஒருவர் யார் என்று நம்மால் சொல்ல முடியாது. அதையும் நோயாளியிடம் மறைக்க வேண்டியதில்லை. எண்ணைக் கேட்டபின் ‘எனக்கு வேண்டாம்’ என்று அவர் சொன்னால், அது அறியாமை அல்ல.

இதழுக்கு எழுதும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இனி எந்தச் சிகிச்சையின் பலனைக் குறிப்பிட்டாலும் அடிப்படை அபாயம், கால அளவு, ஒருவர் பயன்பெற எத்தனை பேருக்குச் சிகிச்சை தேவை என்ற மூன்றையும் சேர்த்தே எழுதுங்கள். வெறும் சதவீதத்துடன் வரும் கட்டுரைகள் திருத்தத்துக்குத் திருப்பி அனுப்பப்படும்.