ஓவிய வகுப்பில் இதையும் சேர்க்கலாமே!



நம்ம ஓவிய வகுப்பில் பூ வரைகிறோம், மயில் வரைகிறோம், இரண்டு மலைக்கு நடுவே சூரியன் வரைகிறோம். எனக்கும் அதெல்லாம் பிடிக்கும். ஆனால் கோயமுத்தூர்ப் பக்கம் எத்தனையோ வீட்டில் சோறு வேகுறது வேற ஒரு படத்தை நம்பி. பட்டறைக்காரங்க அதை 'டிராயிங்' என்பார்கள். பம்பு, மோட்டார், கிரைண்டர், மில் மெஷின் சாமான் எதுவானாலும் முதலில் டிராயிங் வரும், அப்புறம்தான் லேத் ஓடும். அந்தப் படத்தைப் படிக்க நமக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. மாதம் ஒரு பீரியடாவது சொல்லித் தரவேண்டும் என்பது என் கருத்து.

எங்க சித்தப்பா சின்னதாக லேத் பட்டறை வச்சிருக்காங்க. அவங்ககிட்ட கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். டிராயிங்கில் நிழல் கிடையாது, அழகு கிடையாது. ஒரே பொருளை முன்னால், மேலே, பக்கவாட்டில் என்று தனித்தனியாகப் பார்த்து வரைவார்கள். கண்ணுக்குத் தெரியும் ஓரம் தடித்த கோடு. உள்ளே மறைந்திருப்பது விட்டு விட்டுப் போடும் கோடு. நீளமாய் ஒரு கோடு, சின்னதாய் ஒரு புள்ளி, மறுபடி நீளக்கோடு என்று மெல்லிசாகப் போனால் அது சென்டர் லைன். புள்ளி வைத்துக் கோலம் போடுகிற நமக்கு இது ஒன்றும் பெரிய கம்பசூத்திரம் இல்லை.

ஸ்கேல் என்று ஒன்று உண்டு. 1:2 என்றால் பொருளில் பாதி அளவுக்குப் படம் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆனால் படத்தின் மேல் அடிக்கோலை வைத்து அளக்கவே கூடாதாம். எழுதியிருக்கிற எண்தான் அளவு. இப்பவெல்லாம் டிராயிங் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. போனில் விரலால் பெரிசு பண்ணினால் படம் பெரிசாகும், எண் மாறுமா?

எனக்கு ரொம்பப் பிடித்த வார்த்தை டாலரன்ஸ். மோட்டாரில் போடும் 6205 என்கிற பேரிங்கின் உள்விட்டம் 25 மில்லிமீட்டர். அதில் நுழையும் ஷாஃப்ட்டுக்கு வெறும் 25 என்று எழுதினால் போதாது. எந்த மெஷினாலும் அச்சு அசலாய் 25 கடைய முடியாது. அதனால் இவ்வளவு கூடலாம், இவ்வளவு குறையலாம் என்று பக்கத்தில் பொடி எழுத்தில் போடுவார்கள். அதற்குப் பெயர்தான் டாலரன்ஸ். ஷாஃப்ட் 0.1 மி.மீ. குறைந்தால் பேரிங் வளையம் வழுக்கிச் சுற்றி ஷாஃப்டையே தின்றுவிடும். 0.1 கூடினால் ஏறவே ஏறாது. எப்போதாவது தோட்டத்து மோட்டார் கரகரன்னு சத்தம் போட்டால் இதையும் நினைத்துப் பாருங்கள்.

இதைப் படிக்கத் தெரியாவிட்டால் நஷ்டம் யாருக்கு? ஒரு கம்பெனி சித்தப்பாவுக்கு நாற்பது பிராக்கெட் ஆர்டர் கொடுத்தது. நம்ம நாட்டில் வழக்கம் 'ஃபர்ஸ்ட் ஆங்கிள்' முறை. அதில் இடப்பக்கத் தோற்றத்தை முன் தோற்றத்துக்கு வலது கையில் வரைவார்கள். அமெரிக்காவில் 'தேர்ட் ஆங்கிள்'. அதில் வலப்பக்கத் தோற்றம்தான் வலது கையில் வரும். வந்த டிராயிங் தேர்ட் ஆங்கிள். மூலையில் கூம்பு மாதிரி ஒரு சின்னக் குறி, அவ்வளவுதான் அடையாளம். உள்ளே துளை எந்தப் பக்கம் என்று காட்டும் விட்ட கோட்டையும் முன் தோற்றத்தில் போடவில்லை. பட்டறை அண்ணன் எப்போதும் படிக்கிற மாதிரி படித்து, நாற்பதிலும் எதிர்ப் பக்கத்தில் துளை போட்டுவிட்டார். "குறி இருக்குதுல்ல, பார்க்க வேண்டியதுதானே" என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். வார்ப்புக் காசு, கூலி, கரண்ட் எல்லாம் எங்க தலையில். அந்த அண்ணன் பத்தாவது வரை படித்தவர். பத்து வருசத்தில் ஒருநாளாவது அந்தக் கூம்பைப் பற்றி ஏதாவது வகுப்பில் சொல்லியிருந்தால்?

"ஜி.டி.நாயுடு என்ன டிராயிங் படிச்சுட்டா மோட்டார் பண்ணினார், எல்லாம் கை அனுபவம்" என்று பெரியவங்க சொல்வாங்க. 1893-இல் கலங்கலில் பிறந்தவர், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர், மோட்டார் சைக்கிளைக் கழற்றி மாட்டியே கற்றுக்கொண்டவர். 1937-இல் கோவையில் மின்மோட்டார் செய்தவர்களில் ஒருவர். எல்லாம் சரிதான். ஆனால் ஒரு சாமானைக் கழற்றிப் பார்த்துச் செய்வது வேறு, கணபதியில் கடைந்த ஷாஃப்டும் பீளமேட்டில் வார்த்த பாடியும் முதல் தடவையிலேயே பொருந்துவது வேறு. இரண்டு பட்டறைக்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. நடுவில் பேசுவது அந்தத் தாள் மட்டும்தான்.

"இப்ப கம்ப்யூட்டரே வரையுதே" என்றும் கேட்கலாம். 1963-லேயே இவான் சதர்லேண்ட் என்பவர் அமெரிக்காவில் ஒளிப்பேனாவால் திரையில் வரைய வைத்தார். ஆட்டோகேட் 1982-இல் வந்தது. பாதி வரைந்து 'மிரர்' கொடுத்தால் மறுபாதி தானே வரும், தாளை மடித்து ஜாக்கெட் வெட்டுகிற மாதிரி. (திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் இப்போது பேட்டர்ன் போடுவது கேட்-இல்தான்.) ஆனால் துளை இடதா வலதா என்று கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்? காந்திபுரம் போனால் கேட் கோர்ஸ் போர்டுகள் கண்ணில் படும். படிக்கத் தெரியாமல் காசு கட்டினால் பட்டன் அமுக்கத்தான் கற்றுக்கொள்வோம்.

பெண் பிள்ளைகளுக்கு எதுக்கு என்று தயவுசெய்து கேட்காதீர்கள். பத்தாவது முடித்தால் ஐ.டி.ஐ.யில் 'டிராஃப்ட்ஸ்மேன் மெக்கானிக்கல்' இரண்டு வருசப் படிப்பு இருக்கிறது. பெயரில் 'மேன்' இருக்கிறதே தவிர, நாமும் சேரலாம். கோவையில் பெண்களுக்கென்றே அரசு பாலிடெக்னிக்கும் இருக்கிறது. எங்க வீட்டில் என்னை அனுப்புவார்களா என்று இன்னும் பேச்சு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

செலவு எதுவும் வேண்டாம். ஜியாமெட்ரி பாக்ஸ், ஒரு தீப்பெட்டி, ஒரு சாக்பீஸ் டப்பா போதும். லேபில் லிப்ரேகேட் இலவசமாகவே போட்டுக்கொள்ளலாம். ஓவிய ஆசிரியரும் கணக்கு ஆசிரியரும் சேர்ந்து மாதக் கடைசி வெள்ளி ஒரு பீரியட் கொடுக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இந்தத் தாளுக்குக் கீழே நம் வகுப்பு டஸ்டரின் மூன்று தோற்றத்தையும் வரைந்து ஒட்டியிருக்கிறேன். ஃபர்ஸ்ட் ஆங்கிளா, தேர்ட் ஆங்கிளா என்று குறி மட்டும் போடவில்லை. கண்டுபிடித்தவர்கள் பென்சிலால் பக்கத்தில் எழுதுங்கள்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு