பெயரை மட்டும் சொல்லிடாதீங்க!

கான்பூர் ஐ.ஐ.டி.யில் சிவில் படித்த சத்யேந்திர துபே, தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில் இன்ஜினீயர். 2002-ல் பிரதமர் அலுவலகத்துக்குக் கடிதம் போட்டார். கான்ட்ராக்ட் எடுத்த பெரிய கம்பெனிகள், லாயக்கில்லாத சின்ன ஆட்களுக்கு வேலையைக் கைமாற்றுகின்றன என்று புட்டுப் புட்டு வைத்தார். நான் வெறும் பி.காம்.தான். ஆனாலும் 100 ரூபாய் வேலை 70-க்கும், அப்புறம் 50-க்கும் கைமாறினால் ரோட்டில் விழுவது 50 ரூபாய் ஜல்லிதான் என்கிற கணக்கு தெரியும்.

தன் பெயர் மட்டும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருந்தார். நம்ம ஆபீஸ் லட்சணம் உங்களுக்குத் தெரியாததா? கடிதம் பெயரோடு அமைச்சகத்துக்குப் போனது. அங்கிருந்து அவர் வேலை பார்த்த நெடுஞ்சாலை ஆணையத்துக்கே!

2003 நவம்பர் 27 விடியற்காலை, கயாவில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வழிப்பறி என்றது சி.பி.ஐ. 2010-ல் மூன்று பேருக்கு ஆயுள் தண்டனை. சரி, வழிப்பறி என்றே வைத்துக்கொள்வோம். பெயரை வெளியே விட்டவர்கள்மீது எந்த கோர்ட்டில் சார் கேஸ் நடந்தது?

ஊழலைக் காட்டிக்கொடுப்பவர்களைக் காக்க 2014-ல் சட்டம் போட்டார்கள். ஜனாதிபதி ஒப்புதலும் கிடைத்தாயிற்று. அமலுக்கு வரும் தேதியைத்தான் இன்னும் அறிவிக்கவில்லை.