பாதிக்குக் குறைந்தால் விட்டுவிடலாமா?



ஐந்தாம் வகுப்பில் பூவரசு இலையைக் கட்டத்தாளில் வைத்து வரைந்து பரப்பளவு கண்டது நினைவிருக்கிறதா? முழுக் கட்டம் ஒன்று. பாதிக்கு மேல் இருந்தால் அதுவும் ஒன்று. பாதிக்குக் குறைந்தால் விட்டுவிடலாம்.

போன வாரம் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஆண்டுவாரியாகக் காட்டினார். பச்சை குறைந்துகொண்டே வருகிறது. "கட்டடம் பெருகியதை எப்படியப்பா அளக்கிறீர்கள்?" என்றேன். "நீங்கள் சொல்லிக்கொடுத்த கட்டக் கணக்குதான் டீச்சர்" என்றார். மனசு குளிர்ந்துவிட்டது.

இலை, தண்ணீர், கான்கிரீட் ஒவ்வொன்றும் வெயிலை ஒவ்வொரு விதமாகத் திருப்பி அனுப்பும். அதை வைத்துக் கட்டம் கட்டமாகப் பிரிக்கிறார்கள். லேண்ட்சாட் படத்தில் ஒரு கட்டம் 30 மீட்டருக்கு 30 மீட்டர். ஏறக்குறைய நான்கு கிரவுண்டு. 2015இல் ஏவிய சென்டினல்-2 படத்தில் 10 மீட்டர். அரை கிரவுண்டுக்கும் குறைவு. இரண்டுமே இலவசம்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலைத் தேடினேன். லேண்ட்சாட் படத்தில் இல்லை. ஒரு பையன் தாண்டிவிடும் அகலம்தான்; கட்டத்தில் பாதிகூட வராது. ஆனால் ஐப்பசி மழையில் எங்கள் வாசற்படி வரை வருவது அந்தத் தண்ணீர்தான்.

இன்னும் சில சிக்கல்கள் உண்டு. வறண்ட ஏரியும் கடற்கரை மணலும் சில நேரம் கட்டடம் போலவே கணக்கில் ஏறிவிடும். மேலிருந்து பார்த்தால் ஓட்டு வீடும் பத்து மாடியும் ஒரே கூரைதான். உயரம் தெரிய, 2005இல் இஸ்ரோ ஏவிய கார்ட்டோசாட்-1 போல இரண்டு கோணங்களில் எடுத்த படம் உதவும். உயரம் தெரியாமல் நெருக்கடியைச் சரியாக அளப்பது கடினம்.

இதை ஏன் சொல்கிறேன்? சென்னைப் பெருநகர்ப் பகுதியை 2022இல் 1,189 சதுர கி.மீ.யிலிருந்து 5,904 சதுர கி.மீ. ஆக விரித்தார்கள். நம் பக்கமும் அதில் சேர்ந்தது. செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் புதுநகர்த் திட்டம் வருகிறது. நம்முடையது ஏரி மாவட்டம். ஒரு ஏரியின் கலங்கல் தண்ணீர் அடுத்த ஏரிக்குப் போவதே இந்த வாய்க்கால்கள் வழியாகத்தான். வரைபடத்தில் வாய்க்கால் விடுபட்டால் நாளை அங்கே மனைக்கல் நடுவார்கள்.

செயற்கைக்கோள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாற்பது, ஐம்பது வருட மாற்றத்தை வேறு எதனால் இப்படிக் காட்ட முடியும்? ஆனால் அந்தப் படத்தின் மேல் பழைய கிராம வரைபடத்தையும் புலப்படத்தையும் பொருத்திப் பார்க்க வேண்டும். திட்டம் முடிவாகும் முன் அதை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். ஊர்ப் பெரியவர்களோடு வாய்க்காலை ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும்.

இந்த வேலை தெரிந்த பிள்ளைகள் உங்களில் பலர் இருக்கிறீர்கள். அடுத்த கிராம சபைக்கு உங்கள் ஊர்ப் படத்தோடு போங்கள். பாதிக்குக் குறைந்தால் விட்டுவிடு என்று சொல்லிக்கொடுத்தது நான்தான். இலைக்கு அது சரி. வாய்க்காலை மட்டும் விட்டுவிடாதீர்கள்.